முற்பிறவியில் நான் போட் மெயிலில் செத்தேனாம். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அக்காள்மடத்துக்காரி:

கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். பள்ளியில் சொன்னால் "அந்த மேடம் நம்பர் குடுங்க டீச்சர்" என்கிறார்கள். இரண்டும் எனக்கு உதவவில்லை.

நான் பிறந்தது பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற அக்காள்மடம். கட்டிக்கொடுத்தது ராமநாதபுரத்தில். வயது 37, ஐந்தாம் வகுப்பு டீச்சர். கடலைக் கண்டு எனக்குப் பயமே கிடையாது. பாசி எடுக்கப் போகிற பெண்களோடு சின்ன வயதில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். பயம் ஒன்றே ஒன்றுதான்: ரயிலில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவது. பஸ்ஸில் போனால் ஒன்றும் ஆகாது. ரோட்டுப் பாலத்தில் இறங்கி நின்று சுண்டல்கூடச் சாப்பிடுவேன். ஆனால் ரயில் மண்டபத்தைத் தாண்டியதும் சத்தம் மாறும் பாருங்கள், மண்மேல் ஓடுகிற சத்தம் போய், அடியில் ஒன்றுமில்லாத இரும்புச் சத்தம் வரும், அந்த நொடியில் உள்ளங்கை வேர்த்து, காது அடைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல் வெளுத்துப்போகும். பழைய பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். இரண்டு கிலோமீட்டர் முடிவதற்குள் நான் ஒருமுறை செத்துப் பிழைப்பேன்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். ஊரே புலம்பியது. நான் மட்டும் மனதுக்குள் பாலாபிஷேகம் செய்தேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்ததும் என் நிம்மதி போயிற்று. மகன் தூக்குப் பாலத்தில் போக வேண்டும் என்று தினமும் நச்சரிப்பு. எத்தனை நாள்தான் தலைவலி என்று சொல்வது?

அப்போதுதான் கூட வேலை செய்கிற ஒருவர் மதுரையில் ஹிப்னாஸிஸ் செய்கிற ஒரு மேடத்தைப் பற்றிச் சொன்னார். பெயர் வேண்டாம். பயத்துக்கு வேர் இந்தப் பிறவியில் இல்லையென்றால் போன பிறவியில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்பது அவருடைய முறை. 5,500 ரூபாய், இரண்டரை மணி நேரம். ஊதுபத்தி, உடுக்கை எதுவும் இல்லை. ஒரு வீட்டு மாடி, சாய்வு நாற்காலி, மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. கண்ணை மூடச் சொன்னார், மூச்சைக் கவனிக்கச் சொன்னார், இருபதிலிருந்து எண்ணிக்கொண்டே ஒரு படிக்கட்டில் இறங்கச் சொன்னார். "கீழே ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்தால் உங்கள் பயம் தொடங்கிய இடம்."

பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. கொடுத்த காசு ஞாபகம் வந்தது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேனா என்று யோசித்தேன். அப்புறம் முதலில் வந்தது ஒரு சத்தம். ணங், ணங், ணங் என்று மூன்று, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. "அது ரயில் மணி" என்றார் அவர். சரி, ரயில் மணி. உடனே ரயில் வந்துவிட்டது. ராத்திரி. ஷட்டரெல்லாம் இறக்கியிருக்கிறது. அது போட் மெயில், அந்தக் காலத்தில் கொழும்பு போகிறவர்களைத் தனுஷ்கோடிக் கப்பலுக்குக் கொண்டுவந்த ரயில், என்று எனக்குத் தெரிகிறது, எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் தெரிகிறது. கோட்டுப் போட்ட கொழும்புக்காரர்கள். எதிரில் ஒரு கிழவி. முகமில்லை, வாசனை மட்டும்: வெற்றிலை, புகையிலை, காய்ந்த பாசி. பிறகு தண்ணீர். மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து சுவர் மாதிரி வந்தது. வாயெல்லாம் உப்பு. என் கையை ஒரு கை பிடித்திருந்தது. பிறகு விட்டுவிட்டது.

"அந்தக் கை யாருடையது? இந்தப் பிறவியில் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். நன்றாகப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

எழுந்தபோது சேலை முந்தி நனைந்திருந்தது, அவ்வளவு அழுகை. நிஜமாகவே லேசாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் புதுப் பாலத்தில் ரயிலில் போனேன். கை வேர்த்தது, ஆனால் கண்ணை மூடவில்லை. இது எனக்குப் பெரிய விஷயம்.

இப்போதைய சிக்கல் வேறு. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கையைத்தான் பார்க்கிறேன். மெயின் சுவிட்ச் மாட்டுகிற, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கை. என்னை விட்ட கை. வேண்டுமென்று இல்லை, வார்த்தை சுருக்கென்று வந்துவிடுகிறது. ஒரு நாள் அவரே கேட்டுவிட்டார், "போன ஜென்மத்துல நான் கைய விட்டதுக்கு இந்த ஜென்மத்துல சாம்பார்ல உப்பு கெடையாதா?"

1964 புயலில் தனுஷ்கோடியில் ஒரு ரயில் கடலில் போனதே, அந்தப் புயல் கதையை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. புயலின்போது அப்பாவுக்கு நாலு வயது, ஒன்றும் ஞாபகமில்லை என்பார். அப்பத்தா எனக்கு ஆறு வயது இருக்கும்போதே போய்விட்டார். அப்படியென்றால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது? இதைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.


கீழக்கரை நர்ஸ்:

அக்கா, நான் மனநலப் பிரிவில் ஆண் செவிலியர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். அதனால் மனசு சம்பந்தப்பட்ட எதையும் கேலியாகப் பார்க்க எனக்கு வராது, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் வராது.

ஹிப்னாஸிஸ் பொய் இல்லை. 1840களில் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டைல் என்ற டாக்டர், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, ஹிப்னாஸிஸுக்கு முன்னோடியான மெஸ்மெரிசத்தை வைத்துப் பெரிய பெரிய அறுவை சிகிச்சைகள் செய்திருக்கிறார். வலி, பதற்றம் இதற்கெல்லாம் இன்றும் பயன்படுகிறது. தூக்கமும் இல்லை அது. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, எதிரில் இருப்பவர் சொல்வதை மனசு சட்டென்று ஏற்றுக்கொள்கிற நிலை. சிக்கலும் அங்கேதான். ஞாபகத்தைத் தோண்டப் போனால் கற்பனையும் சேர்ந்து வரும், இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். ஹிப்னாஸிஸில் வருகிற ஞாபகத்தை அப்படியே நம்ப முடியாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே சொல்லிவிட்டது.

கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார், 1991-ல் வெளியிட்டார். பழைய காலத்தில் குழந்தைகளை ரொம்பக் கொடுமைப்படுத்துவார்கள் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காரவைத்தார். அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக, முற்பிறவியில் அடிவாங்கிய குழந்தையாக இருந்தோம் என்றார்கள். கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ, அது வரும். உங்கள் மேடம் "ரயில் மணி" என்றார், ரயில் வந்தது. "தெரிந்தவராக இருக்கலாம்" என்றார், தினமும் பார்க்கிற முகம் வந்தது. மச்சான் பாவம்.

பயம் குறைந்ததற்கு முற்பிறவி தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டரை மணி நேரம் பாதுகாப்பான இடத்தில் படுத்துக்கொண்டு, எதைக் கண்டு ஓடினீர்களோ அதற்குள்ளேயே இருந்தீர்கள். பயத்துக்கு நாங்கள் கொடுக்கிற சிகிச்சையே கிட்டத்தட்ட அதுதான், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கவைப்பது. அதில் யார் மேலேயும் பழி விழாது.

ஒரு கேள்வி. 1952-ல் அமெரிக்காவில் ஓர் அம்மா ஹிப்னாஸிஸில் "நான் பிரைடி மர்ஃபி, 1798-ல் அயர்லாந்தில் பிறந்தேன்" என்று பேசி உலகமே பரபரப்பானது. பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் தேடினால், அந்த அம்மா சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டில் ஓர் ஐரிஷ்காரப் பெண் இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அவர் பெயர் பிரைடி மர்ஃபி. உங்கள் எதிர்வீட்டில் யார் இருந்தார்கள் அக்கா? நன்றாக விசாரித்துப் பாருங்கள்.


தொண்டி ராஜா:

நானும் செய்துகொண்டவன்தான், ஆன்லைனில், ஆறு பேர் சேர்ந்த வகுப்பு. நான் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் குதிரைப்படைத் தளபதி. சிரிக்காதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் நடந்து போனேன், மன்னர் என் தோளில் கை வைத்தார். குதிரையை வெளியே ஒரு கருவேல மரத்தில் கட்டியிருந்தேன். சாதாரணக் கருவேலம் இல்லை, நம்ம ஊர் கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்குமே சீமைக்கருவேலம், அது. முள்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் வாட்ஸ்அப்பில் குதிரைப் படம் வைத்திருந்தேன். பிறகு விவசாய ஆபீஸில் வேலை பார்க்கிற சித்தப்பா மகன் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தான். சீமைக்கருவேலம் நாட்டுக்குள் வந்ததே 19-ஆம் நூற்றாண்டில். கிழவன் சேதுபதி 1710-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். "அப்ப குதிரையக் கட்டுனது எங்க அண்ணே?" என்றான்.

எங்கள் வகுப்பில் ஆறு பேரில் இரண்டு பேர் அரசர், ஒருவர் சித்தர், ஒரு அம்மா எகிப்து ராணி. வலை இழுத்தவன், உப்பளத்தில் நின்றவன் ஒருத்தன்கூட இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தொண்டியில் மீனை யார் பிடித்தார்கள் என்றே தெரியவில்லை.


வாடைக்காற்று:

கேலி செய்வது சுலபம். மணிபல்லவத்தில் புத்தரின் பீடிகையைப் பார்த்ததும் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரிந்தது, போன பிறவிக் கணவன் இராகுலன்தான் இந்தப் பிறவியில் உதயகுமரன் என்பதும் தெரிந்தது. மணிபல்லவம் என்பது நயினாதீவு என்று சொல்கிறார்கள். நம்ம கடலுக்கு அந்தப் பக்கம்தான் அது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீவன்சன் என்ற டாக்டர் வாழ்நாள் முழுக்க, முற்பிறவி சொல்கிற குழந்தைகளைத் தேடி இந்தியா, இலங்கை எல்லாம் அலைந்தார். பிறவி உண்டா இல்லையா என்று ஒரு சீமைக்கருவேல மரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது தம்பி.


கீழக்கரை நர்ஸ்:

பிறவி உண்டா இல்லையா என்று நான் பேசவே இல்லை அண்ணே. ஆனால் அதே ஸ்டீவன்சன், ஹிப்னாஸிஸில் வருகிற முற்பிறவிகளில் பெரும்பாலானவற்றை நம்பவில்லை. குழந்தைகள் தானாகச் சொல்வதைத்தான் தேடிப் போனார். அப்புறம், மணிமேகலையிடம் யாரும் "நன்றாகப் பாருங்கள், தெரிந்தவராக இருக்கலாம்" என்று கேட்கவில்லை.


கேங்மேன் மகன்:

தாயி, எனக்கு 73 வயசு. எங்க அய்யா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன், நானும் அதே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹிப்னாஸிஸ் எல்லாம் எனக்குத் தெரியாது. ரயில் தெரியும்.

கடலில் போனது போட் மெயில் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர், நம்பர் 653. ஆறு பெட்டி. பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்பது கணக்கு. தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. டிரைவர் பார்த்தார், பார்த்தார், கடைசியில் ஊதிவிட்டு எடுத்தார். அலை வந்தது. போட் மெயில் என்பது மெட்ராஸ் எழும்பூரிலிருந்து வருகிற வண்டி. அதில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். கோட்டு சூட்டுக் கொழும்புக்காரர்கள் அதில்தான் இருப்பார்கள். 653-ல் ஏது கோட்டு? உள்ளூர்ச் சனமும், சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளும்தான்.

இன்னொன்று. அந்த ராத்திரி பாலத்திலும் கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், போயின, ஆனால் வண்டி போனது பாலத்தில் இல்லை. பாலத்தைத் தாண்டி, தீவுக்குள், தனுஷ்கோடி பக்கம். முற்பிறவிப் பயம் என்றால் உனக்குப் பாலத்தைக் கண்டு ஏன் பயம் வரவேண்டும்? பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய ஸ்ரீதரன்தான், அப்போது சின்ன வயசு இன்ஜினியர். கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். எங்க அய்யா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அதைச் சொல்ல வந்தால் விடிந்துவிடும், விடு.

ஆனால் தாயி, போட் மெயில் கவிழ்ந்தது என்று சொல்கிறவர்கள் அந்தக் காலத்தில் இங்கே நிறைய. பேரு பெரிய வண்டி பேருதானே. பொம்பளையாளுக பாதிப்பேர் அப்படித்தான் சொல்லுவாக.


அக்காள்மடத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது. காரணம் கேங்மேன் மகன் அய்யா எழுதிய கடைசி வரி. அதைப் படித்துவிட்டுத் தங்கச்சிமடத்தில் இருக்கிற என் பெரிய அத்தையைப் போய்ப் பார்த்தேன். 76 வயது, காது மட்டும் மந்தம். "அத்தே, அப்பத்தா எனக்குப் புயல் கதை சொல்லிருக்காகளா?" என்று மூன்று முறை கத்திக் கேட்டேன்.

அத்தை என்னை ஏதோ லூசைப் பார்ப்பது மாதிரி பார்த்தது. "உன்னைத் தூங்கப்போட அவளுக்குத் தெரிஞ்ச ஒரே கதை அதுதான்டி. போட் மெயிலு கவுந்துச்சு, போட் மெயிலு கவுந்துச்சுன்னு. உங்கம்மா சண்டை போடுவா, பச்சப்புள்ளகிட்ட இதச் சொல்லாதீகன்னு."

எனக்கு இன்றுவரை அது சுத்தமாக ஞாபகமில்லை. அம்மாவிடம் கேட்டேன், "ஆமா, சொல்லுவாக" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். 37 வருடம் இதை ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை!

அத்தை சொன்னது இன்னும் இருக்கிறது. அப்பத்தாவின் தங்கச்சியைத் தனுஷ்கோடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் ரயிலில் போகவில்லை, ஊரிலேயே தண்ணீரில் போனார். புருசன் கையைப் பிடித்திருக்கிறார், ஒரு கட்டத்தில் நழுவிவிட்டது. அந்தத் தாத்தா அதற்கப்புறம் முப்பது வருடம் உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் "கைய விட்டுட்டேன் மதினி" என்று அப்பத்தாவிடம் சொல்லிச் சொல்லி அழுவாராம். நான் அந்தத் திண்ணையில்தான் விளையாடிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் முகமும் எனக்கு ஞாபகமில்லை.

கிளம்பும்போது அத்தை பரணிலிருந்து ஒரு பொருளை எடுக்கச் சொன்னது. அப்பத்தாவுக்குப் பல் போனபிறகு வெற்றிலை இடித்த உரல். இரும்பு, ஒரு சாண் உயரம்கூட இல்லை, வாய் ஓரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம். உள்ளே விரலை விட்டால் பழைய சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியது. முகர்ந்தேன், ஒரு வாசமும் இல்லை. குழவியை உள்ளே போட்டு அத்தை சும்மா இடித்துக் காட்டியது. ணங், ணங், ணங். நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தது. மறுபடி மூன்று.

நான் அத்தை வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மேடம் "ரயில் மணி" என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் எங்கே போயிருப்பேன்? திண்ணைக்குத்தான் போயிருப்பேன்.

வாடைக்காற்று அண்ணே, உங்கள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு வந்தது என் பிறவி இல்லை, அவ்வளவுதான். தொண்டி ராஜா அண்ணே, குதிரைப் படத்தை எடுக்க வேண்டாம், நன்றாக இருக்கும். அய்யா, பாலத்தைக் கண்டு ஏன் பயம் என்று கேட்டீர்களே, அதற்கு எனக்கும் விடை தெரியவில்லை. அப்பத்தா கதையில் பாலம் எங்கே வரும் என்று அத்தைக்கும் ஞாபகமில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் அந்த ரயில்லயே இல்ல?" என்றார். இல்லை என்றேன். "டிக்கெட்டே எடுக்காம ரெண்டு மாசம் திட்டு வாங்கிருக்கேன்" என்று எழுந்து போய் மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். உப்பு சரியாக இருந்தது.

நர்ஸ் தம்பி, பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன சனிக்கிழமையும் மண்டபம் தாண்டிச் சத்தம் மாறியதும் கை வேர்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கவைப்பது என்று சொன்னீர்களே, அதை நம்ம பெரியாஸ்பத்திரியில் செய்கிறார்களா, எந்தக் கிழமை வரவேண்டும், சீட்டு எடுக்க எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? அரசு மனநல உதவி எண் 14416-க்கு ஃபோன் செய்தாலும் சொல்வார்களா? எனக்குப் பள்ளி மூன்று நாலாம் பீரியட் மட்டும்தான் காலி.